ஐந்து வயதில் செத்துப்போன எள்ளுத்தாத்தா

மாமனாரின் எண்பதாவது பிறந்தநாளுக்கு நான் கொடுத்த பரிசு ஒரு வம்சாவளிப் படம். கிட்டத்தட்ட ஒரு கதவு அகலம் இருக்கும். உச்சியில் 1640-களில் தொடங்கி, இங்கிலாந்தின் வில்ட்ஷயர் கவுண்டியில் ஒரே கிராமத்தில் ஆறு தலைமுறை இறங்கி வந்து, 1852-இல் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய வில்லியத்தைத் தொட்டு, அடியில் என் மகள் பெயரில் முடியும். சட்டம் போட்டு, கண்ணாடி போட்டு, ஹாலில் மாட்டிவிட்டார்கள். வந்தவர் போனவர் எல்லாரும் அதற்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அந்த வில்லியம் ஐந்து வயதில் செத்துப்போன குழந்தை என்று. கப்பலைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டான் பாவம்.

இதற்கு எனக்கு ஆன செலவு ஏறக்குறைய 1,400 ஆஸ்திரேலிய டாலர், நம்மூர்ப் பணத்தில் எழுபதாயிரத்துக்கு மேல். போன காலம் பல மாதம். அன்றைக்கு யாராவது ஒருவர் உட்காரவைத்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் இவ்வளவும் மிச்சம். இங்கே ஆஸ்திரேலியாக்காரர்களைக் கல்யாணம் செய்துகொண்ட நம்மவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறோம், பிள்ளைகளும் கேள்வி கேட்கிற வயதுக்கு வந்துவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் மதுரைப் பக்கம். மெல்பர்ன் வந்து பதினாறு வருஷம். கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரர். மாமனாரை இங்கே எல்லாரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு இன்னும் நாக்கு எழவில்லை, 'மாமா' என்றுதான் வருகிறது. அவரும் பழகிப்போய் திரும்பிப் பார்த்துவிடுவார். 2020-இல் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரைந்துவரச் சொன்னார்கள். என் பக்கத்துக்கு அம்மாவிடம் போன் போட்டேன். குலதெய்வம் கோயில் பங்காளி வரி நோட்டு வீட்டில் இருக்கிறது, தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கமும் இருக்கிறது, பத்து நிமிஷத்தில் ஐந்து தலைமுறை வந்துவிட்டது. கணவர் பக்கத்தில் மாமாவின் தாத்தாவோடு கதை நின்றுபோனது. அதற்கு மேலே ஒரே ஒரு வரி: "வில்ட்ஷயரிலிருந்து தங்கம் தேடி வந்த குடும்பம், நாங்கள் யாரும் கைதியாக வந்தவர்கள் இல்லை." இங்கிலாந்து தன் கைதிகளைக் கப்பலேற்றி இங்கே அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. அந்த வரியின் இரண்டாவது பாதியை ஏன் யாரும் கேட்காமலேயே சொல்கிறார்கள் என்று நான் அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும்.

மெல்பர்னில் அப்போது லாக்டவுன். ஐந்து கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது, இரவில் ஊரடங்கு. வேறு வேலை என்ன? ஒரு பெரிய வம்சாவளித் தளத்தில் பதினான்கு நாள் இலவசம் என்று போட்டிருந்தார்கள், சேர்ந்தேன். பதினைந்தாம் நாள் கார்டில் பணம் எடுத்தார்கள், அதை நான் கவனித்தது இரண்டு மாதம் கழித்து. அதைவிடப் பெரிய கண்ணி வேறு. நீங்கள் ஒரு பெயரைப் போட்டால் போதும், 'இவராக இருக்கலாம்' என்று தளமே வேறு யாரோ போட்டுவைத்த மரத்தைக் காட்டும். வில்லியம், 1824-இல் ஞானஸ்நானம், வில்ட்ஷயர், அப்பா பெயர் இன்னது, 1852-இல் விக்டோரியா (மெல்பர்ன் இருக்கிற மாநிலம்) பயணம். எல்லாம் நம் கதையோடு ஒட்டிப்போகிறது. ஏழு பேருடைய மரத்தில் அதே ஆள் இருந்தார். ஏழு பேர் சொன்னால் பொய்யாகுமா என்று எடுத்துக்கொண்டேன். ஒருவர் தப்பாகப் போட்டதை மற்ற ஆறு பேர் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. அந்த ஏழு மரத்திலும் பதிவேட்டுப் படம் ஒன்றுகூட இணைக்கப்படவில்லை. ஒரே ராத்திரியில் 1640 வரை போய்விட்டேன். விடிகாலை மூன்று மணிக்குக் கணவரை எழுப்பிக் காட்டினேன். அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த ஆறு மாதம் வில்லியம் ஏறிய கப்பலைத் தேடினேன். இங்கிலாந்தில் எந்தத் துறைமுகத்தில் ஏறினார், அங்கே பட்டியல் இருக்குமே என்று. இருக்காது. பிரிட்டனிலிருந்து வெளியே போன பயணிகளின் பட்டியல் ஒழுங்காகக் காக்கப்பட்டிருப்பது 1890-லிருந்துதான். அதற்கு முந்தியவர்களை இறங்கிய இடத்தில்தான் தேட வேண்டும். விக்டோரியா அரசு ஆவணக் காப்பகத்தில் 1839 முதல் 1871 வரை அரசு உதவியில் வந்தவர்கள், 1852 முதல் 1923 வரை சொந்தக் காசில் வந்தவர்கள் என்று இரண்டு அட்டவணை இருக்கிறது, இரண்டும் இலவசம். கனடா என்றால் கியூபெக் துறைமுகப் பட்டியல் 1865-லிருந்து, அமெரிக்கா என்றால் 1820-லிருந்து. எந்த நாடு, எந்தக் காலனி (ஆஸ்திரேலியாவின் இன்றைய மாநிலங்கள் அன்றைக்குத் தனித்தனிப் பிரிட்டிஷ் காலனிகள்), எந்த வருஷம் என்பதைப் பொறுத்துத்தான் தேட முடியுமா முடியாதா என்பதே. நான் ஒருவழியாக விக்டோரியா அட்டவணைக்கு வந்தபோது 1852-53 இரண்டு வருஷத்தில் மட்டும் அதே பெயரில் பதினொரு பேர். எல்லாருக்கும் தொழில் 'கூலி'. நம்மூரில் 1852-இல் மதுரை ஜில்லாவில் இறங்கிய முத்துச்சாமி யார் என்று கேட்பதுபோல. அதில் வயது கிட்டத்தட்டப் பொருந்திய ஒருவரை நானே தேர்ந்தெடுத்து, கப்பல் பெயரையும் படத்தில் ஏற்றிவிட்டேன். இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

சர்டிபிகேட் வாங்கிய கதை இன்னொன்று. இங்கிலாந்து, வேல்ஸில் பிறப்பு இறப்பை அரசு பதிய ஆரம்பித்தது 1837 ஜூலை 1. அதற்குப் பிந்திய சர்டிபிகேட்டை யார் வேண்டுமானாலும் ஆன்லைனில் வாங்கலாம், அப்போது ஒன்று 11 பவுண்டு. வில்லியத்தின் தம்பி தங்கைகள் என்று நினைத்துப் பதின்மூன்று வாங்கினேன். ஒன்பது வேறு யாரோ வீட்டுப் பிள்ளைகள். நான் பார்த்த பழைய அட்டவணையில் 1911-க்கு முன்னால் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் கிடையாது, அதனால் குருட்டாம்போக்கில் ஆர்டர் போட்டேன். சர்டிபிகேட் விற்கிற அதே அரசு அலுவலகத்தின் தளத்தில் 1837-லிருந்தே அம்மாவின் குடும்பப் பெயரோடு அட்டவணை இருக்கிறது, கணக்குத் திறந்தால் இலவசமாகத் தேடலாம். அதைப் பார்த்துவிட்டு வாங்கியிருந்தால் நாலோடு முடிந்திருக்கும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: 1875-க்கு முன் பிறப்பைப் பதியாமல் விட்டவர்கள் நிறைய. அட்டவணையில் இல்லை என்பதற்காக ஆளே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

2021 மார்ச்சில் பிறந்தநாள். படத்தைக் கொடுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் ஒரு ஆசை வந்தது, அந்தக் கிராமத்துச் சர்ச்சில் மூதாதையர் கல்லறை இருந்தால் படம் எடுத்து அதையும் பக்கத்தில் மாட்டலாமே என்று. வில்ட்ஷயரில் கூலிக்கு ஆவணம் தேடித் தருகிற ஒரு அம்மாவைப் பிடித்து 210 பவுண்டு கட்டினேன். ஜூன் மாதம் பதில் வந்தது. கல்லறை எதுவும் கிடைக்கவில்லை, கூலிக்காரக் குடும்பங்கள் கல் நட்டதில்லை என்று ஒரு பத்தி. அதற்குக் கீழே ஒரு பதிவேட்டுப் படம். 1829-ஆம் வருஷ அடக்கப் பதிவு. வில்லியம், அதே கிராமம், வயது 5. "நீங்கள் தேடுகிற ஆள் இவராக இருந்தால், இவர் ஆஸ்திரேலியா போயிருக்க வாய்ப்பில்லை என்று தெரிவிக்க வருந்துகிறேன்." அவ்வளவுதான். அந்த 'வருந்துகிறேன்' இன்னும் கண்ணில் நிற்கிறது.

வாஷிங் மெஷின் மேல் லேப்டாப்பை வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். துணி சுற்றி முடியும்வரை அப்படியே நின்றேன். மாமாவிடம் சொல்ல ஒன்பது நாள் ஆனது. பெளலிங் கிளப்பில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார், நாங்கள் 1640-லிருந்து ஒரே ஊர் என்று. சொன்னதும் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார். "அப்போ இது யார் வீட்டுக் குடும்பம்?" என்றார். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மாமியார் மட்டும், நல்ல சட்டம், வீணாக்க வேண்டாம் என்றார்.

ஆகவே முதல் பாடம் இது: ஞானஸ்நானப் பதிவு கிடைத்தவுடன் துள்ளாதீர்கள், அதே ஊர் அடக்கப் பதிவேட்டை அடுத்த இருபது வருஷத்துக்குப் பாருங்கள். அந்தக் காலத்தில் பிள்ளைகள் அப்படிச் செத்தார்கள். 1813-லிருந்து அச்சடித்த படிவத்தில் பெயர், ஊர், தேதி, வயது எல்லாம் இருக்கும், பத்து நிமிஷ வேலை. இரண்டாவது பாடத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் ஏரியா நூலகத்தில் சனிக்கிழமை உட்காரும் ஒரு பெரியவர். "நீ கடலைத் தாண்டிக் குதித்துவிட்டாய். ஆள் எங்கே செத்தான்? அங்கிருந்து ஆரம்பி" என்றார். பிறப்பைத் தேடிக் கெட்டேன், சாவிலிருந்து தொடங்கினேன்.

விக்டோரியாவில் 1853 ஜூலைக்குப் பிந்திய இறப்புச் சர்டிபிகேட் ஒரு பொக்கிஷம். நான் வாங்கியபோது இருபது டாலர் சொச்சம் கொடுத்ததும் பதிவேட்டுப் பக்கமே படமாக வந்துவிட்டது. அகலமான பக்கம், கட்டம் கட்டமாக. செத்தவர் பெயர், வயது, காரணம், அப்பா பெயரும் தொழிலும், அம்மா பெயர், தகவல் கொடுத்தவர் யார், எங்கே புதைத்தார்கள், எங்கே பிறந்தார், யாரை எந்த வயதில் எங்கே மணந்தார், பிள்ளைகள் வரிசையாக வயதோடு. நடுவில் ஒரு கட்டம்: காலனிகளில் எத்தனை வருஷம், எந்தெந்தக் காலனி. மாமாவின் தாத்தா சர்டிபிகேட்டை வாங்கி, அதிலிருந்து அவர் அப்பாவுக்குப் போய், அதிலிருந்து வில்லியத்துக்குப் போனேன். மூன்றே சர்டிபிகேட். வில்லியம் 1885-இல் பல்லரட்டில் இறந்தார், வயது 76. அப்பா தாமஸ், கூலி. அம்மா பெயர் தெரியாது. பிறந்தது வில்ட்ஷயர். காலனிக் கட்டத்தில் எழுதியிருந்தது: டாஸ்மேனியா 16 வருஷம், விக்டோரியா 38 வருஷம்.

கூட்டிப் பார்த்தேன். 54 வருஷம். 1885-இல் கழித்தால் 1831. தங்கம் கண்டுபிடித்ததே 1851-இல்தான். இருபது வருஷம் முன்னாலேயே வந்தவர் எப்படித் தங்கம் தேடி வந்திருப்பார்? 22 வயது விவசாயக் கூலி 1831-இல் டாஸ்மேனியாவுக்கு, அப்போது வான் டீமன்ஸ் லாண்ட் என்று பெயர், காசு கொடுத்துப் போவாரா? எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஒரு எச்சரிக்கை. எல்லாக் காலனியும் இப்படித் தாராளமாக எழுதி வைக்கவில்லை. நியூ சவுத் வேல்ஸில் 1856-லிருந்து நன்றாக இருக்கும். சவுத் ஆஸ்திரேலியாவின் பழைய இறப்புப் பதிவில் பெற்றோர் பெயர்கூட இருக்காது. அதோடு சர்டிபிகேட்டில் இருப்பது தகவல் கொடுத்தவருக்குத் தெரிந்த அளவுதான். துக்க வீட்டில் மகன் சொன்னது அது. செத்தவரே அங்கே வந்து திருத்தப்போவதில்லை.

டாஸ்மேனியா நூலகத் தளத்தில் பெயர் அட்டவணை இலவசம், கைதிகள் பதிவேட்டின் படத்தோடு. பெயரைப் போட்டேன், எலைசா கப்பல், 1831 என்று வந்தது. போட்டோ எடுக்கிற காலத்துக்கு முந்தியது, அதனால் ஆளை வார்த்தையில் வரைந்து வைத்திருக்கிறார்கள். ஐந்தடி ஐந்தரை அங்குலம். பழுப்புத் தலைமுடி. சாம்பல் கண். இடது ஆட்காட்டி விரலில் தழும்பு. தொழில், ஏர் உழுபவர். குற்றம், இயந்திரத்தை உடைத்தது. தண்டனை, ஏழு வருஷம் நாடுகடத்தல். சிறை அறிக்கையில் நன்னடத்தை. மணமானவர், ஒரு குழந்தை, மனைவி சொந்த ஊரில். ஊர் பெயரும் இருந்தது: டிஸ்பரிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர், நான் 1640 வரை போன கிராமத்துக்குச் சம்பந்தமே இல்லாத திசை.

இயந்திரம் என்றால் கதிரடிக்கும் இயந்திரம். குளிர்காலத்தில் வேறு வேலை இல்லாத கூலிக்காரர்களுக்குக் கதிரடிப்புதான் கஞ்சி ஊற்றியது, அதையும் இயந்திரம் பிடுங்கியது. 1830-இன் பின்பாதியில் தென் இங்கிலாந்து முழுக்க ராத்திரி ராத்திரியாக உடைத்தார்கள், 'கேப்டன் ஸ்விங்' என்று கையெழுத்திட்ட மிரட்டல் கடிதம் பண்ணைக்காரர்களுக்குப் போனது. அப்படி ஒரு கேப்டன் கிடையாது. நவம்பர் 25-இல் டிஸ்பரி பக்கம் பிட் ஹவுஸ் பண்ணையில் குதிரைப்படை வந்து மோதி ஒரு கூலிக்காரர் சுடப்பட்டுச் செத்தார். ஜனவரியில் சாலிஸ்பரியில் சிறப்பு விசாரணை, பிப்ரவரியில் கப்பல். நாடு முழுக்க ஐந்நூறுக்குக் கொஞ்சம் குறைவானவர்களை இப்படி ஏற்றினார்கள். சில வருஷத்தில் பெரும்பாலோருக்கு மன்னிப்பு கொடுத்தார்கள், திரும்பி வரக் கப்பல் கூலி மட்டும் கொடுக்கவில்லை.

எனக்கு இதில் கேவலம் எதுவும் தெரியவில்லை, சொல்லப்போனால் கீழவெண்மணி கேட்டு வளர்ந்த காதுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இப்போதைய இளவட்டங்களும் கைதி மூதாதை இருந்தால் சட்டையில் குத்திக்கொள்ளாத குறைதான். ஆனால் மாமாவின் அக்காவுக்கு 84 வயது. அவர்கள் காலத்தில் இது வெளியே சொல்லக் கூடாத கறை. நான் கேட்காமல் கொள்ளாமல் குடும்ப வாட்ஸாப்பில் பதிவேட்டுப் படத்தைப் போட்டுவிட்டேன். நாலு மாதம் என்னிடம் பேசவில்லை. "எங்கிருந்தோ வந்தவள் எங்கள் பெட்டியைக் கிளறுகிறாள்" என்று மாமியாரிடம் சொன்னாராம். எங்கிருந்தோ வந்தவள்தான், அதனால்தான் அந்தப் பெட்டி பூட்டியிருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. முதலில் வீட்டில் மூத்தவரிடம் தனியாகச் சொல்லுங்கள், அவர் சரி என்றால் மற்றவர்களுக்கு. ட்ரோவ் என்ற தேசிய நூலகத் தளத்தில் பழைய செய்தித்தாள் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும், அதில் வில்லியத்தின் இறப்புச் செய்தி அகப்பட்டது. 'ஆரம்ப நாட்களிலேயே வந்த பழைய குடியேறி, எல்லாராலும் மதிக்கப்பட்டவர்.' எப்படி வந்தார் என்பது இல்லை. அக்காவுக்கு அதை அச்செடுத்து அனுப்பினேன், அதற்குப் பிறகு போனை எடுத்தார்.

மனைவி சொந்த ஊரில் என்று பதிவேடு சொன்னதல்லவா, அவரைத் தேடினேன். கல்யாணம் 1829, பெயர் ஆன். மகள் 1830. 1841 மக்கள்தொகைக் கணக்கில் முதலில் கிடைக்கவே இல்லை. எனக்கு வேண்டிய வயது 32, அங்கே இருந்தவருக்கு 30. அந்தக் கணக்கில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். யார் யாருக்கு என்ன உறவு என்பதும் இருக்காது. அதோடு இவர்கள் குடும்பப் பெயரில் இரட்டை 'எஸ்' வரும், பழைய கையெழுத்தில் அது 'பி' மாதிரி இருக்கிறது, கணினியில் ஏற்றியவர் 'பி' என்றே ஏற்றிவிட்டார். பெயரின் நடுவில் நட்சத்திரக் குறி போட்டுத் தேடிய பிறகுதான் அகப்பட்டார். 1851 கணக்கில் உறவு, பிறந்த ஊர் எல்லாம் உண்டு. ஆன், வயது 42, துணி வெளுப்பவர், மகளோடு. மண நிலை என்ற கட்டத்தில் 'மணமானவர்'.

1849 மெல்பர்ன் சர்ச் பதிவேட்டில் வில்லியம் மறுமணம் செய்கிறார். அவர் பெயருக்கு எதிரே 'மனைவியை இழந்தவர்'.

ஏழு வருஷம் பிரிந்து, உயிரோடு இருப்பதாகத் தகவலே இல்லாவிட்டால் மறுமணத்தைச் சட்டம் குற்றமாகக் கொள்ளவில்லை. ஆன் எழுதப் படிக்கத் தெரியாதவர், கல்யாணப் பதிவில் பெருக்கல் குறிதான். அவர் எங்கே கடிதம் எழுதுவது? இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருந்தாலும் அன்றைக்கு வில்லியம் மேல் எனக்கு ஏற்பட்ட கோபம் ஒரு வாரம் இருந்தது. அந்த மறுமணத்தில் பிறந்த மகன் வழிதான் என் கணவர், என் மகள்.

காசு விஷயம் கேட்பவர்களுக்கு: பதினெட்டு மாதச் சந்தா 520 டாலர், பதின்மூன்று சர்டிபிகேட் 270, அந்த வில்ட்ஷயர் அம்மாவுக்கு 400, படத்துக்கும் சட்டத்துக்கும் 185. உருப்படியாக ஆனது அந்த 400 மட்டும்தான், அதுதான் என் கண்ணைத் திறந்தது. உண்மையான ஆளைக் கண்டுபிடிக்க ஆனது நூறு டாலருக்குள். சந்தாத் தளங்களையே நூலகத்தில் உட்கார்ந்தால் இலவசமாகப் பார்க்கலாம் என்று அந்தச் சனிக்கிழமைப் பெரியவர் சொன்னபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

படத்தை மாமா இன்னும் கழற்றவில்லை. யார் வீட்டுப் பிள்ளையோ, ஐந்து வயதில் போயிருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்கிறார். போன மாதம் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பெண் குழந்தை என்ன ஆனாள்?" பதினான்காவது சர்டிபிகேட் வாங்கினேன், இந்தத் தடவை மூன்று பக்கம் சரிபார்த்துவிட்டு. 1853-இல் கல்யாணம். இங்கிலாந்துக் கல்யாணப் பதிவில் அப்பா பெயருக்கும் தொழிலுக்கும் கட்டம் உண்டு, இறந்திருந்தால் பெரும்பாலும் அதையும் சேர்த்து எழுதுவார்கள். மாப்பிள்ளையின் அப்பா பெயருக்குப் பக்கத்தில் 'இறந்தவர்' என்று இருந்தது. பெண்ணின் அப்பா கட்டத்தில் வில்லியம், கூலி. அவ்வளவுதான். மாமா கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு அந்தக் கட்டத்தில் மிச்சமிருந்த வெற்று இடத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு மாமியாரைக் கூப்பிட்டு, சட்டம் போட அளவு எடுக்க டேப் எங்கே என்று கேட்டார்.